தக்காளிப் பாரில் வைத்த ஆவாரை

மழை வரும் என்று போனில் செய்தி வந்தால் எனக்குப் பயம். எங்கள் பக்கம் மழையைக் கண்டு பயப்படுகிறவளை யாரும் நல்ல விதமாகப் பார்க்க மாட்டார்கள். அதனால் நான் வெளியே சொல்வதில்லை. பாலக்கோட்டு மண்டியில் என்னோடு உட்கார்ந்து தக்காளி தரம் பிரிக்கிறவர்கள், இன்னும் நாலு நாள் பெய்தால் நன்றாக இருக்கும் என்பார்கள். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மனசுக்குள் என் சமையலறைத் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஊருக்கு வெளியே, கரடு என்று நாங்கள் சொல்கிற ஒரு சின்னப் பாறைக் குன்றின் அடியில் எங்கள் மூன்று வீடுகளும் வரிசையாக இருக்கின்றன. மேல் கோடியில், அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஓர் அண்ணன். நடுவில், என்னை விடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா; ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். கீழ்க் கோடியில் நாங்கள். நாங்கள் என்றால் பெரும்பாலும் நான் மட்டும்தான். வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார், வாரத்துக்கு ஒரு நாள் வருவார். எதைச் சொன்னாலும் 'பாத்துக்கலாம்' என்பார். எங்கள் மூன்று வீட்டுக்கும் பின்னால், கரடு வரைக்கும் ஒரே காலி இடம். இடையில் வேலி கிடையாது. அந்த இடத்தில் எங்கே ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாலும் அது கடைசியில் என் சமையலறைக் கதவுக்குத்தான் வந்து சேரும். நிலத்தின் வாட்டம் அப்படி.

முந்தின ஐப்பசியில் கரட்டுத் தண்ணீர் மூன்று வீட்டுக்குள்ளும் வந்தது. அண்ணன் வீட்டில் வாசல் வரை, அக்கா வீட்டில் ஹால் வரை, எங்கள் வீட்டில் ரேஷன் அரிசி மூட்டை வரை. தை பிறந்ததும் அண்ணன் வீட்டுப் பின்னால் ஹாலோ பிளாக் கல் வந்து இறங்கியது. நான் மண்டியிலிருந்து வரும்போது அந்தக் குவியலைப் பார்த்தேன். பார்த்ததுமே புரிந்துவிட்டது. 

மறுநாள் அவரே வந்து சொன்னார்.

"ஏம்மா, தப்பா நெனைச்சுக்காத. வருசா வருசம் மண்ணு அள்ளிக் கொட்ட என்னால முடியல. பின்னாடி ஒரு செவுரு வச்சிட்டா நிம்மதி. நடு வூட்டுக்கும் சேத்தே வச்சிடலாம்னு இருக்கறன்."

"அப்ப தண்ணி எங்கீங்ணா போவும்?"

அவர் திரும்பி என் வீட்டைப் பார்த்தார். பிறகு, "நீங்களும் ஒண்ணு வச்சுக்கங்க" என்றார். வைக்க எங்களிடம் பணம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் 'ம்மா'வை விட்டுவிட்டு 'ங்க' போட்டுப் பேசினார்.

இரண்டு வீட்டுத் தண்ணீரும் சேர்ந்து சுவரோரமாகவே ஓடி என் வீட்டுக்குள் வரும். அதை நினைத்து நினைத்து எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பெரிய விஷயங்களில் வாய் திறந்தால் தப்பாக ஏதாவது சொல்லிவிடுவேனோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் அண்ணனிடம் எதுவும் கேட்காமல் பத்து நாள் போனேன், வந்தேன்.

வாயைத் திறந்தது அக்காதான். அவர்கள் சர்ச் வளாகத்தில் ஒரு மண் கரை இருக்கிறது. அதில் வெட்டிவேரும் நொச்சியும் வைத்திருக்கிறார்கள். எத்தனை மழைக்கும் அந்தக் கரை கரையவில்லையாம். நம் பின்பக்கமும் அதே மாதிரி நம் ஊர்ச் செடியாக வைத்து ஒரு தோட்டம் போட்டால் தண்ணீர் அங்கேயே நின்று ஊறும் என்றார். போனில் நிறைய வீடியோவும் பார்த்து வைத்திருந்தார்.

அண்ணன் சிரித்தார். "செடிய வச்சுத் தண்ணிய நிறுத்தறதா? கைய காட்டுனா நிக்கறதுக்கு அது என்ன நான் ஓட்டுன பஸ்ஸா?"

"நீங்க ஓட்டுன காலத்துல மட்டும் கைய காட்டுனா நிறுத்திட்டீங்களாக்கும்" என்றார் அக்கா. "பாப்பாரப்பட்டி போறதுக்கு எத்தன நாளு ஓடியாந்து ஏறியிருக்கறன்."

அதில் அவர் கொஞ்சம் இளகினார். ஐப்பசி வரைக்கும் பார்க்கிறேன் என்றார். "ஐப்பசி மழையில தண்ணியும் மண்ணும் யாரு வூட்டுக்குள்ளயும் வரலன்னா செவுரு வேணாம். வந்துச்சுன்னா மறுநாளே அஸ்திவாரம் தோண்டுவன். அப்பறம் என்னைய யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது." பேச்சு இரண்டு பேருக்கும் நடுவில்தான் நடந்தது. அதில் போவது என் வீடு. நான் சரி என்றேன்.

அக்கா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தோட்டத்தை வரைந்துகொண்டு வந்தார். வட்டம் வட்டமாக, கட்டம் கட்டமாக. வட்டமெல்லாம் செடியாம். எனக்கு அது புரியவே இல்லை. "மேல இருந்து பாக்கற மாதிரி நெனைச்சுக்க புள்ள" என்றார். நான் என்றைக்கு என் வீட்டை மேலே இருந்து பார்த்தேன்? புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் விடிந்ததும் ஒரு பக்கெட் அடுப்புச் சாம்பலை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து நடந்து கோடு போட்டேன். இங்கே நொச்சி, இங்கே கிளுவை வேலி, இங்கே ஆவாரை. தரையில் பார்த்த பிறகுதான் எனக்கு அது தோட்டமாகத் தெரிந்தது. அக்கா வந்து பார்த்துவிட்டு, தாளில் தான் வரைந்ததில் நடக்க வழியே இல்லை என்று கண்டுபிடித்தார். இரண்டு வட்டத்தை அழித்தோம்.

கன்று வாங்க ஒரு நாற்றங்காலுக்குப் போனோம். ஆவாரை, விராலி, நொச்சி, ஆடாதொடை, களா. ஆவாரைக் கன்றைப் பையில் வைத்துக் கொடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் வந்த வழியெல்லாம் ரோட்டோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த செடி அது. அங்கே வேலை செய்த பெண் அக்காவிடம் தெளிவாகத்தான் சொன்னார்.

"இதுக்கெல்லாம் உரம் வைக்காதீங்க. வேர் புடிக்கற வரைக்கும் தண்ணி. அப்பறம் மறந்துடுங்க."

மறந்தது தண்ணீரை அல்ல, அவர் சொன்னதை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மண்வெட்டியோடு இறங்கினோம். நாங்கள் மூன்று பேரும் தக்காளிக் காட்டில் வளர்ந்தவர்கள். அண்ணன் இன்றைக்கும் குத்தகைக்குத் தக்காளி வைக்கிறார். அக்கா கல்யாணம் ஆகும் வரை அப்பாவோடு நாற்று நட்டவர். எனக்குப் பன்னிரண்டு வயதில் தொடங்கிய கூலி வேலை. மண்ணைப் பார்த்ததும் மூன்று பேர் கையும் ஒன்றையே செய்தது. கயிறு பிடித்து, நேர் நேராகப் பார் கட்டினோம். மண்ணை மேடாக ஏற்றினால் பார். இரண்டு பாருக்கும் நடுவில் தண்ணீர் ஓடும் பள்ளம். தக்காளிக்கு ஒரு நாள் தண்ணீர் நின்றாலும் வேர் அழுகிவிடும். அதனால் பள்ளத்தின் வாயை எப்போதும் தாழ்ந்த பக்கமாகத் திறந்து விடுவோம். அன்றும் திறந்து விட்டோம். ஒருத்தரும் ஒருத்தரைக் கேட்கவில்லை. சாம்பல் கோடெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. பாரின் மேல் முழம் அளந்து ஆவாரையும் விராலியும் வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் அண்ணன் ஒரு பிடி டிஏபி உரம் போட்டார். பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருந்தது. நான் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன்.

'தக்காளி எப்போ நடவு?' என்று பதில் வந்தது.

அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். அக்காவிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

பத்து நாள் கழித்துக் கோடை மழை வந்தது. நான் மண்டியில் இருந்தேன். தகரக் கூரையில் அடித்த சத்தத்தைக் கேட்டதுமே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தேன். வீட்டின் பின்பக்கம் போனால், அண்ணன் முழுக்க நனைந்து நின்று, பள்ளத்தின் வாய்களை ஒவ்வொன்றாக மண் போட்டு அடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றை அடைத்தால் அடுத்தது பீறிடுகிறது. கரட்டில் விழுந்த தண்ணீர் முன்பெல்லாம் பரவலாக வரும். அன்றைக்கு ஒவ்வொரு பள்ளமும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் சமையலறைக் கதவில் விட்டது.

அவர் என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். "ஏம்மா, மூணு பேருமா சேந்து உன் வூட்டுக்கு வாய்க்கா வெட்டிக் குடுத்திருக்கறம்மா" என்றார்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். சேறு கணுக்கால் வரை இருந்தது. சுவர் வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் பார் கட்டியதில் பாதிக்கு மேல் அவர் கை. அதனாலோ என்னவோ, "இது கணக்குல வராது. நான் சொன்னது ஐப்பசி மழைய" என்றார். அக்கா குடையோடு வந்து, "மாதாவே, இந்தத் தக்காளி புத்தி எங்கள விட்டுப் போகட்டும்" என்று கும்பிட்டார்.

அந்த மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகப் பாரை உடைத்தோம். கட்டுவதை விட உடைப்பது கஷ்டம். ஆறு நாள் மண்டியில் குனிந்திருந்துவிட்டு ஏழாவது நாளும் குனிவது. இடுப்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அண்ணனும் மறு முனையை அக்காவும் பிடிப்பார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிற இடமாகப் பார்த்து நான் சாம்பல் வைப்பேன். அந்தச் சாம்பல் புள்ளிகள் நேராக வரவில்லை. வளைந்து வளைந்து, வாட்டத்துக்குக் குறுக்கே போயின. அந்த வளைவிலேயே பள்ளம் தோண்டி, தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கரையாகப் போட்டோம். தண்ணீர் ஓடாமல் அங்கேயே நிற்க வேண்டும். தண்ணீர் நிற்கட்டும் என்று மண்வெட்டி பிடித்தது எங்கள் மூன்று பேருக்கும் அதுதான் முதல் தடவை. அண்ணன் கடைசி வரை முனகிக்கொண்டே இருந்தார்.

அதற்குள் ஆவாரை மஞ்சளாகிவிட்டது. நான் விடிந்ததும் ஒரு வேளை, மண்டியிலிருந்து வந்து ஒரு வேளை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றாவிட்டால் செத்துவிடுமோ என்று பயம். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, அழுகல் வாடை. ரோட்டோரம் ஒருத்தர் கையும் படாமல் வளர்கிற செடியை நாங்கள் கவனித்துக் கவனித்தே சாகடித்தோம். பாதிக்கு மேல் போய்விட்டது. ஆடியில் மறுபடியும் கன்று வைத்தபோது அக்கா என் கையிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டார்.

கரையில் வெட்டிவேரும் நொச்சிக் குச்சியும் நட்டோம். வெறும் மண் தெரிகிற இடமெல்லாம் கொழுஞ்சி விதையும் தும்பை விதையும் தூவினோம். விதை அண்ணன் காட்டு வரப்பிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. புரட்டாசித் தூறலில் அது பச்சையாக முளைத்தது. வெட்டிவேர் ஆழமாக இறங்கும் வரை அந்தச் சின்ன வேர்தான் கரை மண்ணை இறுக்கிப் பிடிக்கும் என்று அக்கா சொன்னார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

புரட்டாசி முடிகிற சமயம். கனமழை வரும் என்று போனில் வந்துவிட்டது. மண்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால் கரை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். பார்க்கத்தான் போனேன். என் வீட்டு மூலையில் கரை ஓரமாகக் குத்த வைத்து உட்கார்ந்தேன். மனசு முழுக்க மழை. தண்ணீர் வந்தால் அரிசியை எங்கே ஏற்றுவது, கேஸ் சிலிண்டரை எங்கே நகர்த்துவது, வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்குமா. யோசனை ஓடிக்கொண்டே இருந்தது. கையும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வரிசையில் இல்லாமல் முளைத்த எதையும் பிடுங்கிப் பிடுங்கியே கூலி வாங்கியவள் நான். நிமிர்ந்தபோது இடது கை நிறையக் கொழுஞ்சி. பக்கத்தில் ஒரு குவியல். ஐந்தாறு முழம் கரை, வழித்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

அவசரம் அவசரமாகச் சிலவற்றைத் திருப்பிக் குத்தி வைத்தேன். மத்தியானத்துக்குள் வதங்கிவிடும் என்று எனக்கே தெரியும். மீதியை அள்ளிக் கரட்டுப் புதருக்குள் வீசிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு நூறு தடவை நினைத்தேன். சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அப்புறம் சொல்லுகிற நாள் தாண்டிவிட்டது.

ஐப்பசி மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிடித்தது. நான் பின்கதவில் நின்றேன். பள்ளங்கள் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் பள்ளம் நிரம்பி நின்றது. இரண்டாவது நிரம்பி நின்றது. அண்ணன் வீட்டுப் பின்னால் நின்றது, அக்கா வீட்டுப் பின்னால் நின்றது. தண்ணீர் ஓடாமல் குளம் மாதிரி நிற்பதைப் பார்க்க எனக்கே நம்ப முடியவில்லை. என் மூலையில் மட்டும் கரை முதலில் ஈரமாகக் கறுத்தது. பிறகு ஒரு கை அகலத்துக்கு இடிந்தது. பிறகு அந்த ஐந்தாறு முழமும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் உள்ளே வந்தது.

நாலு மணிக்கு மழை கொஞ்சம் விட்டது. இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணன் என் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். சேற்றுத் தண்ணீரில் தட்டுகள் மிதந்துகொண்டிருந்தன. அவர் ஒன்றும் குத்தலாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாமளும் பாடுபட்டுத்தான் பாத்தம்மா" என்றார். "செடி தாங்கல. நாளைக்கு செவுரு வைக்க மேஸ்திரிய வரச் சொல்லிடறன்."

அக்கா தலை குனிந்துகொண்டார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் செடி தோற்றதாகப் போய்விடும், சுவர் வந்துவிடும். திறந்தால் இத்தனை நாள் மறைத்தது தெரிந்துவிடும். படியில் உட்கார்ந்தேன்.

"செடி தாங்காம இல்லீங்ணா. அந்த எடத்துல செடியே இல்ல. நான் புடுங்கிட்டன்."

"என்னாது?"

"கொழுஞ்சிய. களைன்னு நெனைச்சு இல்ல. நெனைக்கவே இல்ல. கை பாட்டுக்குப் புடுங்கிடுச்சு. அள்ளிக் கொண்டுபோய்க் கரட்டுல வீசிட்டன். சொல்லப் பயமா இருந்துச்சு."



"அடிப்பாவி" என்றார் அக்கா. "எறும்பு தின்னுடுச்சுன்னு நான் நாலு நாளா மஞ்சப்பொடி தூவிக்கிட்டுக் கெடந்தன்!"

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோரம் நடந்தார். அவர் வீட்டுப் பின்னாலிருந்து என் மூலை வரைக்கும், பத்தடிக்கு ஒரு தரம் நின்று, குதிகாலால் கரையை உதைத்துப் பார்த்தார். கொழுஞ்சி நின்ற இடமெல்லாம் கரை அசையவில்லை. உடைந்த இடத்தில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். அது விரலிடுக்கில் கூழாக வழிந்தது. திரும்பி வந்து கையை என் வீட்டுத் தொட்டியில் கழுவினார்.

"முப்பது வருசம் வண்டி ஓட்டியிருக்கறன். பிரேக்கு புடிக்கலன்னு வண்டியக் குத்தம் சொன்னவனப் பாத்திருக்கறன். பிரேக்கையே கழட்டி வீசிட்டுப் படியில உக்காந்திருக்கற ஆள இன்னிக்குத்தான் பாக்கறன்" என்றார்.

அக்கா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப செவுருங்ணா?" என்று கேட்டேன்.

"வேணாம் போ. அடுத்த ஐப்பசியும் பாத்துடலாம்."

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் இன்னொரு வருஷம் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றியது. அவர் சுவர் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கத் தெம்பில்லை. அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் தட்டுகளைப் பொறுக்கினேன். இரண்டு பேருமாகச் சேற்றை முன்வாசல் வழியாகத் தள்ளித் தள்ளி, தரை தெரிவதற்குள் இருட்டிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உடைந்த இடத்தில் புதுக் கரை போட்டோம். மண் சுமக்க என்னை விட்டார்கள். விதை தூவும்போது அண்ணன், "நீ அந்தப் பக்கம் போய் நில்லும்மா, கைய மடக்கிக்கிட்டு" என்றார். போய் நின்றேன். ஈரம் இருந்ததால் ஒரு வாரத்தில் முளைத்தது. இப்போதெல்லாம் கரையைப் பார்க்கப் போனால் நான் உட்காருவதில்லை. நின்றபடியே ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் பார்த்துவிட்டு, மண்டிக்குப் பஸ் பிடிக்கப் போய்விடுகிறேன்.